‘எ சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்’ என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு என்ன பொருள்? அது எப்படி வந்தது?

‘அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை’ என்று நாம் சொல்வோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். பேச்சு, குணம், பிடிவாதம், தொழில் திறமை என்று ஏதோ ஒன்றில் பிள்ளை பெற்றவரை அப்படியே கொண்டிருந்தால் இதைச் சொல்வார்கள். பெரும்பாலும் பாராட்டாகத்தான்.

பிளாக் என்பது மரக்கட்டை அல்லது கல். சிப், அதிலிருந்து தெறித்து விழும் சில்லு. தச்சர் தேக்கில் உளி வைத்துத் தட்டும்போது விழுகிற சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே நிறம், அதே ரேகை, அதே வாசம், அளவுதான் சின்னது. முகச்சாயலைவிட, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று என்பதுதான் இந்தத் தொடரின் உயிர். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1621இல் ராபர்ட் சாண்டர்சன் என்ற பாதிரியார் தன் பிரசங்கத்தில் ‘அதே கட்டையின் சில்லு’ என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அங்கே பேச்சு தகப்பன், மகனைப் பற்றியதல்ல. எல்லாரும் ஒரே ஆதாமின் பிள்ளைகள்தானே என்கிறார். 1642இல் கவிஞர் மில்டனின் உரைநடையில் ‘பழைய கட்டையின் சில்லு’ என்றே வந்துவிட்டது. ‘கட்டையிலிருந்து’ பிரிந்த சில்லு என்ற இன்றைய வடிவம் ரொம்பப் பின்னால் வந்தது.

இந்தத் தொடர் மிக அழகாக விழுந்த இடம் என்று நான் நினைப்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றம்தான். 1781 பிப்ரவரி 26. இளைய வில்லியம் பிட்டுக்கு அப்போது வயது 21. எட்மண்ட் பர்க் கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து, முன்தயாரிப்பு இல்லாமல் தன் முதல் உரையை நிகழ்த்தினார். அவருடைய அப்பா, பிரதமராக இருந்த மூத்த பிட், பெரிய பேச்சாளர். இறந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. மகன் பேசியதைக் கேட்ட பர்க், ‘இவர் பழைய கட்டையின் சில்லு அல்ல, அந்தப் பழைய கட்டையேதான்’ என்றாராம். பர்க்குக்கு இதைச் சொல்லும் தகுதி நிறையவே உண்டு. 1766இல் அவர் அதே சபையில் முதன்முதலாகப் பேசியபோது எழுந்து பாராட்டியவர் அந்த மூத்த பிட்தான்! அப்புறம் 1783இல், 24 வயதிலேயே, மகனும் பிரதமரானார். குட்டி பதினாறடி பாய்ந்துவிட்டது.

சரி, எங்கே பயன்படுத்தலாம்? மூக்கும் முழியும் மட்டும் ஒத்துப்போனால் இது அவ்வளவாகப் பொருந்தாது, அதற்கு ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அப்பா, மகனுக்குத்தான் இதை அதிகம் சொல்வார்கள் என்றாலும், அம்மாவின் வியாபார சாமர்த்தியம் மகளிடம் தெரிந்தால் அவளுக்கும் தாராளமாகச் சொல்லலாம்.