பதினோராம் நாள் விழுந்தவர் எந்தப் புனிதரிடம் போவது?

(வாசகர் கேள்விகளுக்கு ஆன்மகுருவும் மனநல ஆலோசகரும் சேர்ந்து எழுதும் பதில்கள்)

கேள்வி: எனக்கு 26 வயது. எட்டு வருடமாக ஆபாசப் படமும் சுய இன்பமும் விடமுடியாத பழக்கமாகிவிட்டன. போன வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போய், ‘இனித் தொடமாட்டேன்’ என்று மாதா முன்னால் நேர்ந்துகொண்டேன். பதினோராம் நாள் விழுந்துவிட்டேன். அதிலிருந்து மாதா படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறது. இந்தப் பழக்கம் போக எந்தப் புனிதரிடம் வேண்டுவது? – பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: புனிதர் இருக்கட்டும், முதலில் அந்த நேர்ச்சையைப் பார்ப்போம். உங்களை அதிகமாக நசுக்குவது அதுதான். நேர்ச்சை என்பது கடவுளுக்கு யோசித்து, சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்கு. அது நம்மால் ஆகக்கூடிய நன்மையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1191). நடந்த களைப்பிலும் அழுகையிலும் நீங்கள் சொன்னது நேர்ச்சைதானா, ஏக்கத்தில் வந்த வார்த்தையா என்பதையே ஒரு குருவோடு பேசிப் பார்க்க வேண்டும். நேர்ச்சைதான் என்றாலும் அதிலிருந்து விடுவிக்க உங்கள் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு (எண் 1196). வேறொன்றாக மாற்றியும் தரலாம். ‘ஃபாதர், ஒரு நேர்ச்சையை நிறைவேற்ற முடியவில்லை’ என்று போய் நில்லுங்கள். கற்பைக் காக்கச் சொல்லும் ஆறாம் கட்டளை அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை விழும்போதும் கூடவே வந்து ஏறுகிற ‘வாக்குத் தவறினேன்’ என்ற இரண்டாவது சுமை இறங்கிவிடும்.

அடுத்த முறை ஆயுளுக்கும் சேர்த்து எதையும் நேர்ந்துகொள்ளாதீர்கள். ‘ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கூடத்தில்தான் சார்ஜ் ஆகும், முப்பது நாளைக்கு’ என்ற அளவில் ஒரு தீர்மானம் போதும்.

இப்போது புனிதர்கள். அகுஸ்தினாரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனால் 386ஆம் ஆண்டு மிலான் தோட்டத்தில் உரோமையர் 13:13-14ஐ வாசித்ததும் ஒரே நொடியில் மாறிவிட்டார் என்று மட்டும் கேட்டுவிட்டு, நமக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று குமைகிறோம். அந்த நொடிக்கு முன்னால் பல வருட இழுபறி இருந்தது. கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளமையில் வேண்டியதையும், உடன் வாழ்ந்த பெண்ணை அனுப்பிய பிறகு திருமணத்துக்குக் காத்திருக்க முடியாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். உங்களை அவருக்குப் புரியும்.

உங்கள் நிலைக்கு எங்களுக்கு முதலில் நினைவு வருபவர் சீனாவின் மாற்கு ஜி தியன்சியாங். மருத்துவர். வயிற்று நோவுக்கு அபினி எடுக்கப்போய் அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப விழுகிறாரே, இவருடைய மனத்துயர் உண்மையா என்று ஐயப்பட்டு ஒப்புரவு குரு பாவமன்னிப்பு தர மறுத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நற்கருணை இல்லாமலே கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். 1900இல் குடும்பத்தாரோடு விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். 2000 அக்டோபர் 1 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அபினியை வென்றதற்காக அவர் பீடமேறவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தபோதும் கோயில் வாசலை விட்டுப் போகவில்லை. அவரிடம் அந்த ஒன்றைக் கேளுங்கள். ‘ஆசையே வராமல் செய்யும்’ என்று கேட்காதீர்கள். உடலோடு இருக்கும்வரை ஆசை வரும். ‘விழுந்த ராத்திரியே எழுந்துகொள்ளும் துணிவை வாங்கித் தாரும்’ என்று கேளுங்கள்.

இனி, எப்படி வேண்டுவது என்பது. இங்கேதான் பலருக்கும் தவறுகிறது.

படுக்கையில் படுத்தபடி, கையில் போனோடு, யூடியூபில் செபமாலையை ஓடவிட்டு வேண்டாதீர்கள். அடுத்த வீடியோ ஒரு விரல் தூரத்தில் இருக்கிறது. எழுந்து விளக்கைப் போட்டு, மற்றவர்கள் இருக்கும் பக்கம் வந்துவிடுங்கள். சோதனையைப் பற்றியே ‘இது வேண்டாம், இது வேண்டாம்’ என்று செபிப்பதும் உதவாது. மனம் அந்தப் படத்தையே சுற்றி வரும். பழகின செபமே நல்லது. புனித தோமா அக்குவினாசின் பாதுகாவலில் தோமினிக்கன் சபையார் 1649இல் லூவெய்ன் நகரில் தொடங்கிய ‘வானதூதர் போர்’ பக்தசபையில், பதினைந்து முடிச்சுள்ள ஒரு கயிற்றை அணிந்து, தினமும் பதினைந்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வார்கள். நிதானமாகச் சொன்னால் ஐந்து நிமிடம் ஆகும். தூண்டுதல் அலை மாதிரி. உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். நடந்துகொண்டே சொல்லும் பதினைந்து ‘அருள் நிறைந்த மரியே’ பெரும்பாலும் அந்த உச்சத்தைத் தாண்ட வைக்கும். தாண்டவில்லையென்றால் இன்னொரு பதினைந்து. இவ்வளவு முடியாதவர்கள், புனித அல்போன்ஸ் லிகோரி வற்புறுத்தியபடி, கற்புக்காகக் காலையில் மூன்று, இரவில் மூன்று சொல்லலாம்.

நவநாள் (ஒன்பது நாள் செபம்) தொடங்கினால் இரண்டு பள்ளங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் விழுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மறுநாள் ஐந்தாம் நாள்தான். இன்னொன்று பத்தாம் நாள். ஒன்பது நாள் இறுக்கிப் பிடித்த மனம் அன்றைக்குத் தளரும். அன்று மாலை எங்கே, யாரோடு இருப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது விழுந்த பிறகு வரும் முதல் மணி நேரம். ‘எப்படியும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், அதுவரை என்ன’ என்ற நினைப்பு ஒரு விழுதலை ஏழாக்கும். அந்த நேரத்திலேயே மனத்துயர் செபம் சொல்லி, முகம் கழுவி, ‘புனித மாற்கே, எனக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுங்கள். ஒரே குருவிடம், முடிந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை போங்கள். என்ன பாவம், எத்தனை முறை என்று சொன்னால் போதும். பார்த்த காட்சியை விவரிக்க வேண்டாம். பழக்கத்தின் வலிமையும் மனப்பதற்றமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வியே (எண் 2352) சொல்கிறது. உங்கள் விஷயத்தில் அது எவ்வளவு என்பதை நீங்களே எடைபோடாமல் குருவிடம் விட்டுவிடுங்கள்.

மருத்துவரும் தேவைப்படலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், அடக்க முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப முயன்றும் நிறுத்த முடியாமல், வேலையும் உறவும் கெட்டு, இன்பமே இல்லாதபோதும் தொடர்ந்தால் அது பொருந்தும். பாவம் செய்தோமே என்ற வேதனை மட்டும் இருந்தால் அந்தக் கோளாறு ஆகாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. எட்டு வருடம் என்கிறீர்கள்; ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ‘இயேசு ஒருவரே இணைப்பாளர், புனிதர்களிடம் போவதால்தான் உனக்கு விடுதலை இல்லை’ என்கிறார் என் நண்பர். – தூத்துக்குடி வாசகர்

பதில்: அவர் சொல்வது 1 திமொத்தேயு 2:5. அதே அதிகாரத்தின் முதல் வசனம் எல்லாருக்காகவும் பரிந்து மன்றாடச் சொல்கிறது. நண்பரிடம் ‘எனக்காகச் செபம் பண்ணு’ என்று கேட்பீர்கள் அல்லவா, புனிதர்களிடம் கேட்பதும் அதுவே. குணம் தருபவர் கிறிஸ்து. கயிறு, பதக்கம், எண்ணெய் தானாக வேலை செய்யும் என்று நினைத்தால் மட்டும் நண்பரின் கவலை நியாயமாகிவிடும்.

கேள்வி: பிரசங்கத்தில் இதை எப்போதும் ஆண்களின் பாவமாகவே பேசுகிறார்கள். நான் ஒரு பெண். யாரிடம் சொல்வது? – 31 வயது வாசகி

பதில்: உங்களுக்கு எகிப்து நாட்டு புனித மரியா இருக்கிறார். பதினேழு வருடம் அலெக்சாந்திரியாவில் காமத்தின் பின்னால் போனவர். மனம் திரும்பி யோர்தானுக்கு அப்பால் பாலைவனத்துக்குப் போன பிறகும், இன்னொரு பதினேழு வருடம் பழைய ஆசைகளும் பழைய பாட்டுகளும் துரத்தின என்று அவருடைய வரலாறு சொல்கிறது. மனம் மாறிய மறுநாளே நினைவுகள் அழிவதில்லை. சொந்தப் பங்கில் சொல்லக் கூச்சமாக இருந்தால், திருத்தலத்திலோ பக்கத்துப் பங்கிலோ தடுப்புத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: என் கணவர் வேறு பெண்களிடம் போகிறார். அழுது அழுது புனித மோனிக்காவிடம் வேண்டுகிறேன். – ஒரு மனைவி

பதில்: மோனிக்காவின் கணவரும் அவருக்கு உண்மையாக இருந்தவரல்ல. நல்ல இடத்தில்தான் போய் நிற்கிறீர்கள். ஆனால் அவர் பெயரைச் சொல்லி ‘பொறுத்துப் போ’ என்று யாராவது அறிவுரை சொன்னால், கேட்டு உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என இருவரும் செய்யுங்கள். மற்ற பால்வினை நோய்களுக்கும் பாருங்கள். அதுவரை உறவுக்கு மறுப்பது பாவமல்ல. அடி உதை இருந்தால் வேறு இடத்துக்குப் போவதும் பாவமல்ல. பெண்கள் உதவி எண் 181. அவருடைய போனைத் தினமும் துழாவுவதை விடுங்கள். அது அவரைத் திருத்தாது, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். பங்கில் தெரிந்த ஒரு பெண்ணிடமாவது மனம்விட்டுச் சொல்லுங்கள். மோனிக்காவின் திருவிழா ஆகஸ்ட் 27, மகன் அகுஸ்தினாருக்கு மறுநாள். நவநாளை 18ஆம் தேதி தொடங்கினால் 26இல் முடியும். 27 அன்று உங்களுக்காகவும், 28 அன்று உங்கள் கணவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்.