விந்தணுவும் கருமுட்டையும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன?

பாலூட்டிகளில் விந்தணுவின் தலையில் இஸுமோ1 என்ற புரதமும், முட்டையின் சவ்வில் ஜூனோ என்ற புரதமும் இருக்கின்றன. பிரஸ் பட்டனின் இரண்டு பாதிகள் மாதிரி, பொருந்தினால்தான் ஒட்டும். இஸுமோ1 முதலில் உள்ளே மறைந்திருக்கும். தலைமுனையில் உள்ள நொதிப்பை திறந்த பிறகே மேற்பரப்புக்கு வரும். இஸுமோ1-ஐ 2005-இல் ஜப்பானிலும், ஜூனோவை 2014-இல் இங்கிலாந்திலும் கண்டறிந்தார்கள். ஜூனோ இல்லாத பெண் எலி இணைசேரும், முட்டையும் விடும்; கரு மட்டும் தங்காது.

இதில் மிக அழகான கட்டம் அடுத்தது. ஒரு விந்தணு இணைந்த சுமார் 40 நிமிடத்துக்குள் முட்டை தன் ஜூனோவை உதிர்த்துவிடும். இரண்டாவது விந்தணுவும் புகுந்தால் குரோமோசோம் கணக்கு தவறி, கரு பிழைக்காது.

முதலில் நீந்தி வருவதே முட்டைக்குள் போகும் என்பது தவறு. அந்த நேரத்தில் இஸுமோ1 வெளிப்பட்டிருக்கும் விந்தணுதான் ஒட்ட முடியும்.