செவிக்கல் மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். மீன்வள அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, நார்வேயில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. கப்பல், வலை, ஆழ்கடல் என்று எதிர்பார்த்து வந்தீர்கள். இதுவரை கிடைத்த வேலையோ காட் மீனின் செவிக்கல்லை, அதாவது அதன் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மரத்தில் போல அதில் விழும் ஆண்டு வளையங்களை வைத்து வயது எண்ணுவது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன், வெப்பக்கடல் மீன்களோடு பழகிய அனுபவத்துக்கு இங்கே மதிப்பு உண்டா, மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, நிலையான வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே துறையில், இதே நாட்டில் பல வருடமாக இருக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மேசையைப் பற்றிப் பேசிவிடலாம், உங்கள் சோர்வு அங்கிருந்துதான் வருகிறது. புதிதாக வந்தவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கும் பேரன்ட்ஸ் கடலின் காட் மீனுக்கு 2013இல் கோட்டா, அதாவது அந்த வருடம் பிடிக்க அனுமதித்த அளவு, 10 லட்சம் டன். 2025இல் 3,40,000 டன். இந்த இறக்கம் வடக்கே எத்தனை படகுகளையும் மீன் ஆலைகளையும் தொடுகிறது என்பது கொஞ்ச நாளில் உங்களுக்கே தெரியவரும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். கோட்டாவை முடிவு செய்யும் நார்வே ரஷ்யா கூட்டு ஆணையத்தின் முடிவுக்குப் பின்னால் அறிவியல் ஆலோசனை, அதற்குப் பின்னால் கணித மாதிரி, அதற்குப் பின்னால் கடலில் எந்த வயது மீன் எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணை. அந்த அட்டவணைக்குப் பின்னால், வளையம் எண்ணிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அந்த ஆள் நீங்கள்.

ஒரு மீனுக்கு ஆறு வயது என்பதற்குப் பதில் ஏழு என்று எழுதினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரே பக்கமாகத் தொடர்ந்து பிசகினால்தான் ஆபத்து. நல்ல வருடத்தில் பிறந்த பெரிய கூட்டம் பக்கத்து வருடங்களின் கணக்கில் கரைந்துபோகும். செழித்த வருடமும் சுமாராகத் தெரியும், வறண்ட வருடமும் சுமாராகத் தெரியும். மீன்வளத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த வித்தியாசத்தைத்தான்.

நார்வே மீன்வள விஞ்ஞானி யோஹான் யோர்ட்டின் பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்குள்ள ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். ஒரு வருடம் மீன் குறைந்தால் அது வேறு பக்கம் போய்விட்டது என்று பெரும்பாலானவர்கள் நம்பிய காலம் அது. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஹெர்ரிங் மீனின் செதில் வளையங்களை வருடா வருடம் எண்ணிக்கொண்டே வந்தார்கள். 1904இல் பிறந்த ஒரே கூட்டம், அடுத்தடுத்த பல வருடங்களின் பிடிப்பில் ஓங்கி நிற்பது தெரிந்தது. மீன் எங்கும் ஓடிப்போகவில்லை. சில வருடங்களில் மட்டும் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைக்கின்றன, அவ்வளவுதான். 1914இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். நம் துறையின் அடித்தளமே அந்தப் பொறுமையான எண்ணிக்கைதான். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது.

சரி, வேலைக்கு உதவுகிற சில விஷயங்கள். இங்கே மீனுக்கெல்லாம் ஜனவரி 1தான் பிறந்தநாள். முட்டையிலிருந்து வந்தது ஏப்ரலிலா மே மாதத்திலா என்று பார்ப்பதில்லை. ஆகையால் பிப்ரவரியில் பிடித்த மீனின் செவிக்கல் ஓரத்தில் குளிர்கால வளையம் இன்னும் முழுதாக மூடாமல் இருந்தாலும் அதை ஒரு வருடமாகச் சேர்க்க வேண்டும். புதியவர்கள் குழம்புகிற இடம் இதுதான். அப்புறம், காட் முட்டையிடத் தொடங்கிய பிறகு வளையங்களின் தோற்றம் மாறிவிடும். நார்வே விஞ்ஞானி குன்னர் ரோலெஃப்ஸன் 1933லேயே இதைக் காட்டியிருக்கிறார். வடக்கே இடம்பெயரும் காட் மீனையும் கரையோரத்தில் தங்கும் காட் மீனையும் செவிக்கல்லின் உள்வளையங்களின் வடிவத்தை வைத்தே பிரிக்கலாம் என்பதும் அவர் வழியாக வந்ததுதான். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி விதி. நீங்கள் போடுகிற அந்த ஒற்றை வகைக் குறியீட்டுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

ஒரே செவிக்கல்லைப் பல நாட்டு ஆட்களுக்கு அனுப்பி, வயது ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் பயிற்சிகள் அவ்வப்போது நடக்கும். உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். உங்கள் நிலையத்தில் இருக்கும் மூத்த டெக்னீஷியன்களை விட நல்ல ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். கட்டுரைகளில் அவர்கள் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில் வரும், சில சமயம் அதுவும் வராது. எனக்கு இது எப்போதும் வருத்தம் தருகிற விஷயம். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

கடலுக்குப் போவீர்கள், கவலை வேண்டாம். பேரன்ட்ஸ் கடலின் குளிர்கால ஆய்வு 1981இலிருந்து நடக்கிறது. அதில் உங்களைப் போன்றவர்கள் தேவை. ஆனால் கடலில் இருந்தாலும் பெரும்பாலான நேரம் கடலைப் பார்க்க மாட்டீர்கள். ஆறு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓய்வு என்ற முறைதான் வழக்கம். இழுவலை மேலே வந்ததும் மீன் கீழ்த்தளத்து ஆய்வறைக்கு வரும். இனம் பிரிப்பது, எடை போடுவது, நீளம் அளப்பது, வயிற்றைத் திறந்து ஆணா பெண்ணா, முதிர்ச்சி நிலை என்ன என்று பார்ப்பது, செவிக்கல் எடுப்பது, இரைப்பையைச் சேமிப்பது. இரைப்பையை அலட்சியமாக நினைக்காதீர்கள். காட் எதைத் தின்கிறது என்ற தகவலை நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து 1984இலிருந்து சேர்த்துவருகின்றன. காட் தன் இரையான கேப்லின் என்ற சிறு மீனை எவ்வளவு தின்னும் என்று தெரிந்தால்தான் மனிதர் எவ்வளவு கேப்லின் பிடிக்கலாம் என்று சொல்ல முடியும். அந்த எண்பதுகளின் நடுவில் கேப்லின் சரிந்தபோது காட் பசியில் மெலிந்தது, தன் குஞ்சுகளையே தின்றது. ஒரு இனத்தைத் தனியாகக் கணக்கிட்டால் போதும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

நீளம் அளக்கும்போது ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கலாம். இங்கே காட் மீனை வால் நுனி வரை அளந்து, மிச்சத்தை விட்டுவிட்டு முழு சென்டிமீட்டரைக் கீழ்நோக்கி எழுதுவார்கள். ஹெர்ரிங், கேப்லினுக்கு அரை சென்டிமீட்டர். வால் பிளவு வரை அளந்து பழகிய கை தானாக அங்கேயே நிற்கும். முதல் நாளே அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உடல் விஷயம். ஜனவரியில் அந்த அகலாங்கில் பெரும்பகுதி நாட்கள் சூரியன் எழாது. புயல் வந்தால் வலை போட முடியாது, கப்பல் அலைக்கு முகம் கொடுத்துக் காத்திருக்கும். வாந்தி மயக்கம் வரும் என்றால் கிளம்புவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பியுங்கள், வந்த பிறகு பலன் குறைவு. முதலிரண்டு நாட்களில் உடம்பு முடியாவிட்டால் ஷிப்ட் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். கத்தியும் ஓடும் பட்டையும் இருக்கிற இடத்தில் அமைதியாகச் சமாளிப்பதை இங்கே யாரும் பாராட்ட மாட்டார்கள்.

பெரிய கப்பல் மட்டும்தான் ஆய்வு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் மரியாதை உள்ள ஆய்வு, தெற்கே ஸ்காகெராக் கரையில் ஃப்ளோடெவிகன் நிலையம் நடத்துகிற கரைவலை ஆய்வு. அந்த நிலையம் 1882இல் காட் குஞ்சு பொரிக்கும் கூடமாகத் தொடங்கியது. பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டால் மீன் பெருகும் என்று அதன் நிறுவனர் டான்னெவிக் நம்பினார், யோர்ட் நம்பவில்லை. உண்மையில் பெருகுகிறதா என்று பார்க்கத்தான் 1919இல் கரைவலை போட ஆரம்பித்தார்கள். குஞ்சு விட்டதால் பலன் இருந்தது என்று நிரூபிக்க முடியவில்லை, 1971இல் அதை நிறுத்தினார்கள். வலை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. இலையுதிர் பருவத்தில், அதே இடங்களில், அதே மாதிரி வலையில், நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது. தொடங்கிய கேள்வி செத்துப்போன பிறகும் அந்த வரிசை வேறு பல கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. கரையோரக் காட் குறைந்துபோய், 2019 ஜூனில் டெலிமார்க்கிலிருந்து ஸ்வீடன் எல்லை வரை காட் பிடிக்கத் தடை வந்தபோது, "எதனோடு ஒப்பிட்டுக் குறைவு என்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்குக் காட்ட இப்படிப்பட்ட பழைய எண்கள் கையில் இருந்தன.

அதனால்தான் சொல்கிறேன், புதிதாக எதையாவது கண்டுபிடிக்கும் ஆசையில் முறையை மாற்றிவிடாதீர்கள். "இதை இப்படிச் செய்தால் வேகமாக முடியுமே" என்று உங்களுக்குத் தோன்றும், பல சமயம் அது சரியாகவும் இருக்கும். மாற்றுவதற்கு முன் பழைய முறையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமும் பணமும் கேட்டு எழுதுங்கள். கொடுக்காவிட்டால் பழைய முறையிலேயே தொடருங்கள்.

வெப்பக்கடல் அனுபவம் பற்றிக் கேட்டீர்கள். மதிப்பு உண்டு, நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. இங்கே கோடைக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளியால் வளையம் பளிச்சென்று விழுகிறது. வெப்பக்கடலில் அது தெளிவாக விழாததால் நீளத்தை வைத்து வளர்ச்சியைக் கணக்கிடும் முறைகளில் நீங்கள் பழகியிருப்பீர்கள். டேனியல் பாலி போன்றவர்கள் 1980 வாக்கில் அந்த முறைகளை உருவாக்கியதே இந்தச் சிக்கலுக்காகத்தான். இங்கேயும் வயது எடுக்க முடியாத இனங்கள் இருக்கின்றன. இறால், நண்டுக்குச் செவிக்கல் ஏது? அங்கே உங்கள் கை ஓங்கும். இன்னொன்று, ஒரே வலையில் ஐம்பது இனத்தைப் பிரித்துப் பார்த்த கண் உங்களுடையது. நாலைந்து இனங்களிலேயே வாழ்நாள் முழுக்க இருந்தவர்களுக்கு அது சுலபத்தில் வராது. நார்வே, ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்போடு சேர்ந்து நடத்தும் டாக்டர் ஃப்ரித்யோஃப் நான்சன் கப்பல் ஆப்பிரிக்கா, ஆசியக் கடல்களில் 1975இலிருந்து ஆய்வு செய்கிறது. அந்தத் திட்டத்தில் இருப்பவர்களோடு இப்போதே அறிமுகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி. கூட்டம், கட்டுரை, சர்வதேசக் குழு எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும், அதை நம்பிச் சிலர் வருடக்கணக்கில் நார்வேஜியன் படிக்காமலே இருந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். கப்பல் தளத்தில் வலை இழுக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர் கத்தும்போது ஆங்கிலத்தில் கத்த மாட்டார். அதைவிட முக்கியம் மீனவர்கள். 2000இலிருந்து இங்கே சில மீன்பிடிக் கப்பல்கள் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு, தாங்களே அளந்து மாதிரி எடுத்து அனுப்புகின்றன. அவர்களோடு தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும், வட்டார வழக்கில்தான் பேசுவார்கள். உங்கள் கணக்கால் கோட்டா குறைந்த மனிதர் கோபமாகக் கேட்கும்போது அவர் மொழியில் பதில் சொல்வது குறைந்தபட்ச மரியாதை. அவர் சொல்வதைக் குறித்தும் வையுங்கள். மீன் வழக்கமான இடத்தில் இல்லை என்பது நம் கப்பலுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அரசியலும் இந்த வேலைக்குள் வரும். பேரன்ட்ஸ் கடலின் காட் இரண்டு நாட்டுக்குப் பொது. நார்வே ரஷ்யா கூட்டு மீன்வள ஆணையம் 1976இலிருந்து கூடுகிறது. 2022க்குப் பிறகு சர்வதேசக் கடல் ஆய்வு மன்றத்தின் (ICES) குழுவில் ரஷ்யா பங்கெடுக்க முடியாமல் போய், காட் கணக்கு இரு நாட்டு விஞ்ஞானிகளின் தனிக் குழுவுக்கு மாறியது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் அளந்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். உங்கள் தரவு எங்கே போகலாம், யாரிடம் பகிரலாம் என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

வேலை நிலைப்பது பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதுகலையோடு நீங்கள் பொறியாளர் அல்லது டெக்னீஷியன் பதவியில் இருப்பீர்கள். ஆராய்ச்சியாளர் பதவிக்கு அநேகமாக முனைவர் பட்டம் கேட்பார்கள். இங்கே முனைவர் படிப்பே சம்பளம் தரும் வேலை, வழக்கமாக மூன்று வருடம். திட்டப் பணத்தில் வரும் ஒப்பந்தம் திட்டத்தோடு முடியும். ஆலோசனைக் கணக்கும் ஆய்வு வரிசைகளும் வருடா வருடம் நடந்தாக வேண்டியவை, நிலையான இடங்கள் அந்தப் பக்கம்தான் அதிகம் உருவாகின்றன. கட்டுரை குறைவாக வரும், ஆனால் உங்களை விட்டுவிட முடியாது. தொழிற்சங்கத்தில் சேர்ந்து, ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். வேலை அனுமதி உங்கள் பதவியின் வகையோடு கட்டப்பட்டது. பதவி வகை மாறினால் புது அனுமதி தேவைப்படலாம், மாறுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

தொட்டியில் உயிருள்ள மீனை வைத்துப் பரிசோதனை செய்யும் திட்டத்துக்கு உங்களை மாற்றினால், அதற்கென்று தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பரிசோதனைக்கு முன் அனுமதியும் வேண்டும். மீனும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அது சரியான சட்டம் என்பது என் கருத்து.

இப்போது செய்ய வேண்டியது: அடுத்த குளிர்காலப் பயணத்துக்கு ஆள் பட்டியல் யார் போடுகிறார்கள் என்று கேட்டு உங்கள் பெயரைக் கொடுங்கள். மருத்துவச் சான்றுக்கும் கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கும் இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.