மலையகத்தில் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்களே, உளி, சீவுளி, வாள் எல்லாம் துருப்பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

எண்ணெய் பூசச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது, கூரை தகரமா என்று.

அட்டன் பக்கம் மே மாதம் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. ஆனாலும் மழை நேராக உள்ளே வந்து உளியைக் கெடுப்பதில்லை. இரவுக் குளிரில் இரும்பு சில்லிட்டுக் கிடக்கும். காலையில் கதவைத் திறந்ததும் வருகிற ஈரக்காற்று பட்டு அது வேர்க்கும். தகரக் கூரையும் அப்படியே வேர்த்து, மேசைமேல் சொட்டும்.

குளிருக்கென்று சிலர் பட்டறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். அடைத்த அறையில் புகையால் உயிருக்கே ஆபத்து.

முழு அறையையும் காயவைக்கப் பார்க்காதீர்கள். உளிகளை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு போடுங்கள். மணிகள் நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி உதவும். அதற்குப் பழைய தகரத் தட்டு போதும், சமைக்கிற தாச்சியை எடுக்காதீர்கள்; நிறம் மாறும் சில வகைகளில் நச்சுப்பொருள் இருக்கிறது. சீவுளி, வாள் மாதிரிப் பெரியவற்றுக்கு அலுமாரிக்குள் சின்னக் குண்டு பல்பு ஒன்று எரியட்டும், துணியோ மரமோ அதில் முட்டாமல். உள்ளே வெளியைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் இரும்பு வேர்க்காது. எல்ஈடி பல்பு இதற்குச் சரிவராது.

பெட்டிக்குள் உப்புப் பொட்டலம் வைக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. நம்மூர் ஈரத்தில் உப்பே கசிந்து ஓடும், அது பட்ட இரும்பு இன்னும் வேகமாகத் துருவேறும்.

எண்ணெயென்றால் தையல் மெஷின் எண்ணெய், துணியில் தொட்டு மெல்லிசாக. தேங்காயெண்ணெய் நுவரெலியாக் குளிரில் கட்டியாகிவிடும், நாளானால் காறிப்போய் இரும்பையும் அரிக்கும்.

ஏற்கெனவே துருப்பிடித்ததை இரவு முழுக்க வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தெடுங்கள். அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசவேண்டும்; ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று போனால் திரும்பும்போது செம்மை தட்டியிருக்கும். டஸ்ட் தேயிலைச் சாயத்தில் இரும்பை ஊறப்போடும் வித்தையும் இருக்கிறது. கறுத்து அழகாகத்தான் வரும், ஆனால் அதற்கு மேலேயும் எண்ணெய் பூசத்தான் வேண்டும்.