என்பிடெல் (NPTEL) என்ற இலவச இணையப் பாடங்களைப் பலர் பாதியில் விடுவது ஏன்? அவற்றால் உண்மையில் பயன் உண்டா?

பயன் உண்டு. பாதியில் விடுவதும் உலக வழக்கம்தான். 2012-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் மின்சுற்றுகள் பற்றி ஓர் இலவச இணையப் பாடம் நடத்தியபோது ஏறக்குறைய 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறியவர்கள் சுமார் 7,000 பேர். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசில்லாமல் பதியும் இடத்தில், சும்மா எட்டிப் பார்க்க வந்தவரும் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். தவிர, 7,000 பேர் உட்காரும் வகுப்பறை எங்கே இருக்கிறது?

என்பிடெல்லை ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-ல் தொடங்கின. வீடியோக்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பொதுவாக 25 சதவீதம் வாராந்திர அசைன்மென்டுக்கு, 75 சதவீதம் தேர்வுக்கு. என்னைப் படிக்க வைத்தது அசைன்மென்டின் கடைசித் தேதிதான். தேர்வுக்குப் பணம் கட்டும்வரை மூன்றாவது வீடியோவைத் தாண்டியதே இல்லை!

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கில விரிவுரையின் வேகமே முதல் சுவர். சில பாடங்களுக்குத் தமிழ் வசன வரிகள் உண்டு, ஆனாலும் புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேட்க ஆள் இல்லை. வீடியோ மட்டும் பார்த்தால் சால்டரிங் (மின்பாகங்களைப் பற்றவைப்பது) போன்ற கைவேலை வராது என்பதும் உண்மை.

முதலிலேயே 12 வாரப் பாடம் வேண்டாம். நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 4 வாரப் பாடத்தில் தொடங்குங்கள். கல்லூரி மாணவர் என்றால், பட்டப்படிப்பில் அதற்குக் கிரெடிட் (மதிப்பலகு) கிடைக்குமா என்று பதிவதற்கு முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.