எம்பரர் தலைகீழாக வந்தால் வேலையை விட வேண்டுமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்த மேலாளரோடு ஒத்துப்போகவில்லை. வேலையை விடலாமா என்று, குறி பார்க்கும் டாரட் கட்டிலிருந்து மூன்று கார்டு எடுத்தேன். கடந்த காலத்துக்கு எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ், இப்போதைய நிலைக்குத் தலைகீழாக எம்பரர் (பேரரசர்), அடுத்து டூ ஆஃப் வாண்ட்ஸ். மேலாளர் என்னைக் காலி செய்துவிடுவார் என்று அர்த்தமா?

பதில்: அப்படி அர்த்தம் இல்லை. தலைகீழ் எம்பரர் என்றாலே கொடுமைக்கார முதலாளி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் டாரட் கட்டை வடிவமைத்த ஆர்தர் வெய்ட், தலைகீழ் எம்பரருக்குக் கொடுத்த பலன்களில் முதலில் வருவதே பரிவும் இரக்கமும்தான். தடை, பக்குவமின்மை எல்லாம் அதற்குப் பிறகு. அதனால் பயத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம். வெள்ளைத் தாடிக் கிழவர், சிவப்பு அங்கி, கல் சிம்மாசனம். அதில் நான்கு ஆட்டுக்கடாத் தலைகள். மேஷ ராசியின் அடையாளம். அதிபதி செவ்வாய் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலது கையில் எகிப்தியர் உயிருக்கு அடையாளமாக வைத்த, தலையில் வளையம் உள்ள சிலுவை மாதிரியான செங்கோல். இடது கையில் உருண்டை. இதுவரை எல்லாம் அரசனுக்கு உரியதுதான். அங்கிக்குக் கீழே காலைப் பாருங்கள்: இரும்புக் கவசம்! சொந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கவசம் எதற்கு? என் கணக்கில் இந்தக் கார்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பிடித்து வைத்திருக்கும் அதிகாரம் எப்போது கைவிட்டுப் போகுமோ என்ற எச்சரிக்கை அவருக்குத் தீரவே இல்லை.

இவருக்கு முந்தைய மூன்றாம் எண் எம்பரஸ் கார்டில் காலடியில் கதிர் விளைந்து நிற்கும், பின்னால் மரங்களும் அருவியும் இருக்கும். இவருக்குப் பின்னாலோ மொட்டை மலை, அடிவாரத்தில் ஒரு சின்ன ஓடை. ஒழுங்கைக் கொண்டுவருவார், எதையும் வளர்க்க மாட்டார். நல்ல மேலாளருக்கும் இது பொருந்தும், மோசமானவருக்கும் பொருந்தும்.

தலைகீழாக வரும்போது நான் முதலில் கேட்பது, விதியை யார் போடுகிறார் என்பதைத்தான். உங்கள் எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸில் ஒரு தொழிலாளி தனியாக உட்கார்ந்து காசு செதுக்குகிறான். ஊர் தூரத்தில் தெரிகிறது. இதுவரை யாரும் குறுக்கிடாமல் உங்கள் பாணியில் வேலை செய்திருக்கிறீர்கள். இப்போது ஒருவர் வந்து முறை போடுகிறார், அந்த முறையும் இன்னும் நிலைக்கவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சொல்பவரா அவர்? அப்படியென்றால் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கும். இன்னொன்றும் உண்டு, கோபிக்காதீர்கள்: தலைகீழ் எம்பரர் சில சமயம் கார்டு எடுத்தவரையே காட்டும். அங்கிக்குள் கவசம் போட்டிருப்பது நீங்களாகவும் இருக்கலாம்.

டூ ஆஃப் வாண்ட்ஸ் இதற்கு நல்ல ஜோடி. கோல்டன் டான் என்ற பழைய ஆங்கிலேய மறைஞானச் சங்கத்தின் மரபில் இதற்கும் மேஷம்தான், கூடவே செவ்வாய். எம்பரர் கையில் இருந்த உருண்டை இங்கே கோட்டை மதில்மேல் நிற்பவன் கைக்கு வந்துவிட்டது. கடலைப் பார்க்கிறான், ஆனால் இன்னும் இறங்கவில்லை. இரண்டு கோல்களில் ஒன்று அவன் கையில், மற்றது மதிலோடு வளையம் போட்டுப் பிணைத்திருக்கிறது. வெளியே வேலை தேடுங்கள், நேர்காணலுக்குப் போங்கள். ராஜினாமாக் கடிதம் மட்டும் இப்போது வேண்டாம்.

மனசு கேட்கவில்லையென்றால் எம்பரர்மேல் ஒரே ஒரு கார்டு எடுத்து வையுங்கள். ஜஸ்டிஸ் வந்தால் ஆவணங்களோடு மனிதவளத் துறையிடம் பேசலாம். டவர் வந்தால், அதில் கோபுரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு விழும் கிரீடம் யாருடையது என்று பாருங்கள். அது உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு.