ஆற்றில் இரண்டு மூன்று நாள் பயணம் போக, எடை குறைந்த கயாக்கை (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு) வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். எங்கள் மொட்டைமாடியில் நான் செய்தது 4.3 மீட்டர் நீளம், 14 கிலோ. தோளில் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாக நடக்கலாம்.

எடையில் ஏன் இவ்வளவு கறார்? நம் ஆறுகளில் துடுப்புப் போடும் அளவுக்குப் படகைச் சுமக்கவும் வேண்டியிருக்கும். மேட்டூருக்குக் கீழே பவானி போய்ச் சேர்வதற்குள்ளேயே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றுக்கும் வெகு முன்பே கரையேறி, சுற்றிப் போய், தண்ணீர் அடங்கிய இடத்தில்தான் மறுபடி இறங்க வேண்டும். கதவணைக்குப் பக்கத்தில் வீரம் காட்டாதீர்கள்.

அதனால் சட்டம் கட்டித் துணி போர்த்தும் முறையை எடுத்துக்கொண்டேன். கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கரை ஒதுங்கிய மரத்தைக் கட்டி, சீல் தோல் போர்த்திச் செய்தது இப்படித்தான். ஒகேனக்கல் பரிசலும் அதற்குப் பங்காளிதான்: மூங்கில் பின்னல், அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும்.

மரத்தைத் தொடுமுன் கணக்குப் போடுங்கள். நான் 72 கிலோ, மூட்டை 18, படகு 14, மொத்தம் 104. அப்படியானால் மிதப்பதற்கு 104 லிட்டர் தண்ணீரைப் படகு விலக்க வேண்டும். நீர்மட்டத்தில் 4 மீட்டர் நீளம், 55 செ.மீ. அகலம், 11 செ.மீ. ஆழம் என்று பெட்டியாக எடுத்தால் 242 லிட்டர். இரு முனையும் கூர்ந்து, அடியும் சரிவதால் அதில் ஏறக்குறைய 43 சதவீதம்தான் தேறும். கணக்கு சரியாக வந்தது. உங்கள் எடை 90 என்றால் என் அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

குறுக்குச் சட்டங்களுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட், நீளவாக்கில் முடிச்சில்லாத பைன் ரீப்பர். தேக்கு வேண்டாம், கனம். மூட்டுகளில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. செருப்பு தைக்கிற மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினேன். பாறையில் இடித்தால் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அடித்த மூட்டு பிளந்துவிடும். பார்க்க வந்த ஆசாரி "இது என்ன தம்பி, பாடையா?" என்றார். அப்போது பார்க்க அப்படித்தான் இருந்தது.

சொதப்பியது துணியில். முதலில் நைலான் போர்த்தி பெயின்ட் அடித்தேன். மாடியில் மத்தளம் மாதிரி விறைப்பாக இருந்தது. தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்ததும் தொளதொளவென்று ஆகிவிட்டது. நைலான் நனைந்தால் தளரும். அடுத்த முறை பாலியஸ்டர் கேன்வாஸ் போர்த்தித் தைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டினேன். சூட்டில் சுருங்கி, சுருக்கமெல்லாம் போய்விட்டது. பிறகு தண்ணீர் புகாமலிருக்க மூன்று கோட் பாலியூரிதேன் பூச்சு.

இருக்கையைச் சட்டத்தின் அடியோடு ஒட்டி வையுங்கள். சொகுசுக்காக 4 செ.மீ. தெர்மக்கோல் வைத்துப் பார்த்தேன், ஏரியில் பத்தே நிமிடத்தில் கவிழ்ந்தேன். இந்த வகைப் படகில் தண்ணீர் புகாத தடுப்பறை கிடையாது, கவிழ்ந்தால் முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். அதனால் முன்னும் பின்னும் காற்றடைத்த பைகளைத் திணித்துக் கட்டிவிட்டுத்தான் முதல் தடவையே தண்ணீரில் விட வேண்டும். அன்று என் படகு மூழ்காமல் கிடந்ததும் அதனால்தான்.